மனப்பாடமா, ஒத்திகையா, ஆலோசகரா? வேலை நேர்காணலுக்கும் விசா நேர்காணலுக்கும் எது உதவும்

நேர்காணலுக்கான தேதி வந்ததும் பெரும்பாலோர் முதலில் செய்வது, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளின் பட்டியல் ஒன்றைத் தேடிப் பிடிப்பதுதான். வேலைக்குப் போகிறவரும் அதையே செய்கிறார். விசாவுக்குப் போகிறவரும் அதையே செய்கிறார். பிறகு பதில்களை மனப்பாடம் செய்வதா, நண்பரை உட்காரவைத்து ஒத்திகை பார்ப்பதா, பணம் கட்டி ஆலோசகரிடம் போவதா, செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் பயிற்சி எடுப்பதா என்று யோசனை ஓடுகிறது. இவற்றில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. வேலை நேர்காணலில் நன்றாகக் கைகொடுத்த ஒரு முறை, விசா சன்னலில் ஆளைக் கவிழ்த்துவிடக்கூடும். எதிரே இருப்பவர் என்ன முடிவெடுக்க உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பார்த்துவிட்டு வழிகளுக்கு வருவதுதான் சரி.

எதிரே இருப்பவருக்கு என்ன வேண்டும்?

வேலை நேர்காணல் ஒரு போட்டி. இடம் ஒன்று, ஆட்கள் பலர். நீங்கள் தகுதியானவரா என்பது பாதிக் கேள்வி. மற்றவர்களைவிட மேலானவரா என்பது மீதிப் பாதி. அதனால் அங்கே விரிவாகச் சொல்வதற்கு மதிப்பு உண்டு. உங்கள் அனுபவத்திலிருந்து நீங்கள் எடுத்துவைக்கும் ஒவ்வொரு நல்ல சம்பவமும் தட்டில் ஏறும் எடை.

விசா நேர்காணலில் அந்தப் போட்டி இல்லை. வரிசையில் உங்களுக்கு முன்னால் நின்றவருக்கு விசா கிடைத்ததால் உங்கள் வாய்ப்பு குறைவதில்லை. அங்கே அதிகாரி பார்ப்பது ஒரு சந்தேகம் தீர்கிறதா இல்லையா என்பதை மட்டும். அமெரிக்காவின் 1952ஆம் ஆண்டுக் குடிவரவு, குடியுரிமைச் சட்டத்தின் 214(பி) பிரிவு இதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. சுற்றுலா, கல்வி போன்ற தற்காலிக விசா கேட்கிற ஒவ்வொருவரும் நிரந்தரமாகக் குடியேற வருகிறவர் என்றே முதலில் கருதப்படுவார். அப்படி அல்ல என்று அதிகாரி திருப்தியடையும்படி நிறுவுவது விண்ணப்பதாரரின் பொறுப்பு. எச்-1பி, எல் வகை வேலை விசாக்களுக்கு இந்த அனுமானம் பொருந்தாது. ஆகவே அந்த வரிசைகளில் கேள்விகள் ஊர் திரும்புவீர்களா என்பதைவிட நிறுவனம், பணி, சம்பளம், கல்வித் தகுதி ஆகியவற்றையே சுற்றிவரும். எந்த விசா என்று தெரியாமல் பொதுவான கேள்விப் பட்டியலைப் படிக்கிறவர், தன்னிடம் கேட்கப்படாத கேள்விக்குப் பயந்துகொண்டிருப்பார்.

மற்ற நாடுகளும் இதே சந்தேகத்தை வேறு வேறு வடிவில் எழுப்புகின்றன. பிரிட்டன், மாணவர் விசா கேட்கிறவர் உண்மையிலேயே படிக்கத்தான் வருகிறாரா என்று அறிய நம்பகத்தன்மை நேர்காணல் நடத்துகிறது. ஆஸ்திரேலியா 2024 மார்ச்சில், தற்காலிகமாகத்தான் தங்கப்போகிறேன் என்று நிறுவச் சொன்ன பழைய நிபந்தனையை நீக்கிவிட்டு, உண்மையான மாணவர் என்று காட்டச் சொல்லும் புதிய நிபந்தனையைக் கொண்டுவந்தது. கனடா பெரும்பாலும் ஆட்களைக் கூப்பிடாமல் காகிதத்தை வைத்தே முடிவு செய்கிறது. அங்கே நேர்காணல் பயிற்சிக்குச் செலவிடும் பணத்தை விண்ணப்பக் கடிதத்தைச் செம்மைப்படுத்தச் செலவிடலாம்.

நேரமும் வேறு. வேலை நேர்காணல் அரைமணி, ஒருமணி என்று போகும். சில நிறுவனங்களில் பல சுற்றுகள். அமெரிக்கத் தூதரகச் சன்னலில் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் சில நிமிடங்கள். கட்டுக்கட்டாக ஆவணங்கள் கொண்டுபோய், ஒன்றைக்கூட வெளியே எடுக்காமல் திரும்பியவர்கள் ஏராளம். அந்தச் சில நிமிடங்களில் முதல் இரண்டு வாக்கியங்களே முக்கால் பங்கு வேலையைச் செய்துவிடும்.

வேலை நேர்காணல் எதை அளக்கிறது?

இதைப் பற்றி நூற்றாண்டைத் தாண்டிய ஆராய்ச்சி இருக்கிறது. உளவியலாளர்கள் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் இருவரும் 1998இல், அதுவரையிலான 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து, எந்தத் தேர்வு முறை ஒருவரின் பிற்காலப் பணித்திறனை எவ்வளவு சரியாகக் கணிக்கிறது என்று கணக்கிட்டார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்கூட்டியே வகுத்த அளவுகோலில் மதிப்பெண் போடும் கட்டமைந்த நேர்காணலுக்குக் கிடைத்த தொடர்பெண் (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.51, மனம்போன போக்கில் பேசிப் பார்க்கும் நேர்காணலுக்கு 0.38. பால் சாக்கெட்டும் சகாக்களும் 2022இல் புள்ளியியல் திருத்தங்களை மறுபரிசீலனை செய்தபோது இந்த எண்கள் 0.42 என்றும் 0.19 என்றும் இறங்கின. இறங்கிய பிறகும் கட்டமைந்த நேர்காணல்தான் அவர்கள் பட்டியலில் முதலிடம். மனம்போன போக்கிலான பேச்சோ, அதை நடத்துகிறவர்கள் தங்கள் ஆள் அறியும் திறமை மீது வைத்திருக்கும் நம்பிக்கைக்கு ஈடு கொடுக்கவில்லை.

இதனால் உங்களுக்கு என்ன? பெரிய நிறுவனங்கள் பலவும் கட்டமைந்த முறையைக் கையாள்கின்றன; எதிரே இருப்பவர் ஒரு படிவத்தில் குறித்துக்கொண்டே கேட்கிறார். கேள்விகள் இரண்டு வகையில் வரும். ஒன்று, நடந்ததைக் கேட்பது: "சக ஊழியருடன் கருத்து மோதல் வந்த ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்." மற்றொன்று, நடந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பது. இரண்டிலும் அவருக்கு வேண்டியது எழுதிக்கொள்ளத் தக்க செய்தி. நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, விளைந்தது என்ன என்ற நான்கு படிகளில் பதில் சொல்லும் முறை ஸ்டார் என்ற பெயரில் பரவியிருப்பதும் இதனால்தான். ஆனால் அந்த நான்கில் முதல் இரண்டிலேயே முக்கால் நேரத்தைக் கரைத்துவிட்டு, தான் செய்ததை ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள்தான் அதிகம். அடக்கம் காரணமாகக் குழுவின் சாதனையை விரிவாகச் சொல்லித் தன் பங்கை மறைப்பவர்களும் உண்டு. அடக்கம் நல்ல குணம்தான். ஆனால் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

புதிர்க் கேள்விகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்துகள் அடங்கும் என்பது மாதிரியான கேள்விகளுக்காக இன்னும் சிலர் புத்தகம் வாங்குகிறார்கள். கூகுளின் மனிதவளத் துறைத் தலைமையில் இருந்த லாஸ்லோ போக் 2013இலேயே, இந்த வகைக் கேள்விகள் எதையும் கணிப்பதில்லை, கேட்பவருக்குத் தான் புத்திசாலி என்ற எண்ணத்தைத்தான் தருகின்றன என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். பிற நிறுவனங்களுக்கு வணிக ஆலோசனை சொல்லும் நிறுவனங்கள் கேட்கும் வணிகப் புதிர்கள் வேறு வகை. அவை வேலையின் மாதிரியே என்பதால் அவற்றுக்குப் பயிற்சி வேண்டும்.

மனப்பாடம்

வழிகளில் மலிவானது இதுதான். மிகவும் ஆபத்தானதும் இதுதான், குறிப்பாக விசாவுக்கு. ஒரே ஊரில், ஒரே பயிற்சி மையத்தில், ஒரே பதிலைப் படித்துவிட்டு வருகிறவர்களை அதிகாரி நாள் முழுக்கக் கேட்கிறார். "இந்தப் பல்கலைக்கழகத்தின் உலகத்தரம் வாய்ந்த ஆய்வு வசதிகளும் அனுபவமிக்க பேராசிரியர்களும்" என்று தொடங்கினால், அவர் காதில் அது வெறும் ஒலி. குறுக்கே ஒரு சின்னக் கேள்வி போடுவார்: முதல் பருவத்தில் என்னென்ன பாடங்கள்? ஒப்பித்தவர் அங்கே நிற்பார். தன் சொந்தக் காரணத்தைச் சொன்னவருக்கு அது கேள்வியே அல்ல.

வேலை நேர்காணலில் வரிவரியாக ஒப்பிப்பது விசா அளவுக்கு ஆளைக் கவிழ்க்காது. ஆனால் தொடர்கேள்வி வந்ததும் குரல் மாறிவிடும். அங்கே மனப்பாடம் செய்யத் தக்கவை வாக்கியங்கள் அல்ல, விவரங்கள்: எந்த ஆண்டு, எத்தனை பேர், எவ்வளவு நாள், என்ன எண்ணிக்கை மாறியது. விசாவிலும் இதே கதைதான். உங்கள் படிப்புச் செலவின் மொத்தத் தொகை, அதை யார் எந்த வருமானத்திலிருந்து கொடுக்கிறார், அமெரிக்கக் கல்வி நிறுவனம் தரும் ஐ-20 படிவத்தில் என்ன தொகை இருக்கிறது, பயணத் தேதிகள் என்ன. இவை தலையில் இருக்க வேண்டும். வாக்கியம் அந்த நிமிடத்தில் தானாக வரட்டும்.

தனியாக, வாய்விட்டு

இதை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் செய்கிறவர்கள் குறைவு. குறிப்புகளைத் திரும்பத் திரும்பப் படிப்பது பயிற்சி போலத் தோன்றும், ஆனால் அது பயிற்சி ஆகாது. உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு பாடத்தைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நிலைமை தலைகீழ்: புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காடும், திரும்பப் படித்தவர்கள் 42 விழுக்காடும் நினைவில் வைத்திருந்தார்கள். நேர்காணலில் நாம் செய்வது நினைவிலிருந்து எடுத்துப் பேசுவது; அதையே பழக வேண்டும்.

கைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, ஒரு கேள்வியை உரக்கப் படித்து, பதிலை உரக்கச் சொல்லிப் பாருங்கள். திரும்பக் கேட்கும்போது கூச்சமாகத்தான் இருக்கும். பதில் எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாமல் அரை நிமிடம் போயிருப்பதும், கேட்ட கேள்விக்கு அல்லாமல் நினைத்து வைத்திருந்த கேள்விக்குப் பதில் சொல்லியிருப்பதும் அப்போதுதான் தெரியும். வேலை நேர்காணலில் ஒரு பதில் இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் வெட்டுங்கள். விசாவுக்கு இரண்டு, மூன்று வாக்கியங்கள் போதும். அதிகாரிக்கு மேலும் வேண்டுமென்றால் கேட்பார். எதிரே ஆள் இல்லாமல் கேமராவைப் பார்த்துப் பதிலைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லும் காணொளிச் சுற்றுகளுக்கு இதைவிட்டால் வேறு பயிற்சியே இல்லை.

இந்த வழியின் குறை ஒன்றுதான். எதிர்பாராத கேள்வியை உங்களுக்கு நீங்களே கேட்டுக்கொள்ள முடியாது.

மற்றொருவரை வைத்து ஒத்திகை

யாரை வைத்து என்பதுதான் இங்கே தீர்மானிக்க வேண்டியது. வேலைக்கு, அந்தத் துறையில் ஆள் எடுத்த அனுபவமுள்ள ஒருவர் ஒரே ஒரு முறை உட்கார்ந்தாலும் போதும். நீங்கள் பெருமையாகச் சொல்லும் திட்டத்தில் எந்த இடத்தில் சந்தேகம் வரும் என்று அவருக்குத் தெரியும். நண்பர்கள் அன்பினால் பாராட்டிவிடுவார்கள், அதனால் அவர்களிடம் "நன்றாக இருந்ததா?" என்று கேட்காமல், "நான் சொன்னதில் உங்களுக்கு நினைவிருப்பது என்ன?" என்று கேளுங்கள். அவர்களுக்கு நினைவிருப்பதுதான் நேர்காணல் செய்பவருக்கும் நினைவிருக்கும்.

விசாவுக்குத் துறை வல்லுநர் வேண்டாம். உங்கள் விண்ணப்பத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத, கொஞ்சம் சந்தேகப் பிராணியான உறவினர் ஒருவர் மிகப் பொருத்தம். அவர் கையில் உங்கள் படிவத்தைக் கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். "இரண்டு வருடம் இடைவெளி இருக்கிறதே, என்ன செய்துகொண்டிருந்தாய்?" "உன் மாமா ஏன் உனக்குப் பணம் தருகிறார்?" என்று அவர் கேட்பதைத்தான் அதிகாரியும் கேட்பார். பிள்ளைகளைப் பார்க்கப் போகும் வயதான பெற்றோருக்கு இது மிகவும் உதவும். மகன் என்ன வேலை செய்கிறான், எங்கே இருக்கிறான், எத்தனை நாள் தங்குவீர்கள் என்ற எளிய கேள்விகளில்தான் அவர்கள் தடுமாறுகிறார்கள். ஆங்கிலத்தில் திணறுவதைவிட, வாய்ப்பிருக்கும் இடத்தில் தாய்மொழியில் பேசக் கேட்டுக்கொள்வது மேல். ஆங்கிலவழிப் படிப்புக்குப் போகும் மாணவருக்கு மட்டும் இந்தச் சலுகை எதிராகவே திரும்பும்.

பணம் கொடுத்து ஆலோசகர்

வேலைக்கான பயிற்சியாளருக்குப் பணம் கொடுப்பதில் இரண்டு சந்தர்ப்பங்களில் நியாயம் இருக்கிறது: துறை மாறும்போது, அல்லது நேர்காணல் வடிவமே உங்களுக்குப் புதிதாக இருக்கும்போது. அப்போதும் அவர் அந்தத் துறையில் ஆள் எடுத்தவரா என்று பாருங்கள். வெறும் தன்னம்பிக்கைப் பேச்சாளரிடம் போய் உடல்மொழி கற்றுக்கொண்டு வருவதால் பெரிய பயன் இல்லை.

விசா ஆலோசகர் விஷயத்தில் நான் கறாரானவன். படிவங்கள் குழப்பமாக இருந்தால், குடும்பத்தில் ஏற்கனவே மறுப்போ சட்டச் சிக்கலோ இருந்தால், தகுதியுள்ள குடிவரவு வழக்கறிஞரிடம் போவது சரி. ஆனால் நேர்காணலுக்கான பதில்களை எழுதித் தருகிறேன் என்பவர் உங்களுக்கு உதவுவதில்லை. இன்னொரு அபாயம் படிவத்திலேயே இருக்கிறது. முகவர் நிரப்பிய டிஎஸ்-160 என்ற அமெரிக்கத் தற்காலிக விசா விண்ணப்பப் படிவத்தைப் படித்தே பார்க்காமல் நேர்காணலுக்குப் போகிறவர்கள் உண்டு. முகவர் வசதிக்காகப் போட்ட பதவியின் பெயர், கூட்டிப் போட்ட சம்பளம், விட்டுவிட்ட பழைய மறுப்பு எல்லாம் சன்னலில் உங்கள் வாயிலிருந்து வருவதோடு மோதும். பிறர் உதவியோடு நிரப்பினால் அதைக் குறிப்பிடும்படி அந்தப் படிவமே கேட்கிறது. யார் நிரப்பினாலும் மின்னணுக் கையொப்பம் விண்ணப்பதாரருடையதாகவே இருக்க வேண்டும். அதாவது பொறுப்பு உங்களுடையது. விசாவுக்காக முக்கியமான ஒன்றை வேண்டுமென்றே திரித்துச் சொன்னதாக அதிகாரி முடிவு செய்தால், அது 214(பி) போல அடுத்த முறை சரிசெய்யக்கூடிய மறுப்பு அல்ல. அமெரிக்கச் சட்டத்தில் அது நிரந்தரத் தகுதியின்மை, தனி விலக்கு கிடைத்தால் ஒழிய.

எனவே விசாவுக்கு முதல் பாடப்புத்தகம் நீங்கள் அனுப்பிய விண்ணப்பம்தான். அதை அச்செடுத்து, ஒவ்வொரு கட்டத்தையும் படித்து, உண்மையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் நேர்காணலுக்கு முன்பே திருத்தி அனுப்ப வழி உண்டா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சன்னலில் அவர் கேட்கும் முன்பே நீங்களே சொல்லிவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவு

கேள்விகள் உண்டாக்க இது நல்ல கருவி. வேலை விளம்பரத்தையும் உங்கள் தன்விவரக் குறிப்பையும் கொடுத்து, இரண்டுக்கும் இடையிலான ஓட்டைகளைத் துருவிக் கேள்வி கேள் என்று சொன்னால், நண்பர் கேட்கத் தயங்குவதையும் கேட்கும். நள்ளிரவிலும் சலிக்காது. ஆனால் பதிலை எழுதித் தரச் சொன்னால் மறுபடியும் மனப்பாடத்தின் குழியில்தான் விழுவீர்கள், இந்த முறை இன்னும் வழுவழுப்பான மொழியில். அதன் பாராட்டையும் நம்ப வேண்டாம். சுமாரான பதிலையும் சிறப்பு என்று சொல்லும் பழக்கம் அதற்கு உண்டு.

காணொளி நேர்காணலின்போதே திரையோரத்தில் பதிலை ஓடவிட்டுப் படிப்பது இப்போது நடக்கிறது. கண் நகரும் விதத்திலேயே அது தெரிந்துவிடும். இதனாலேயே சில நிறுவனங்கள் கடைசிச் சுற்றையேனும் நேரில் வைக்கத் திரும்பியிருக்கின்றன. விசா விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை: கடவுச்சீட்டு எண், வங்கி அறிக்கை போன்றவற்றை எந்தச் செயலியிலும் கொட்டாதீர்கள். விதிகளைப் பற்றி அது சொல்வது பழையதாக இருக்கலாம். அந்தந்த நாட்டின் அரசு இணையதளத்தில் சரிபார்த்த பிறகே நம்புங்கள்.

எவ்வளவு நேரம் இருக்கிறது?

ஒரே மாலைதான் இருக்கிறது என்றால், வேலைக்கு: விளம்பரத்தில் உள்ள முக்கியத் தேவைகளுக்கு ஒவ்வொரு சம்பவமாக எடுத்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், மற்றதை விடுங்கள். விசாவுக்கு: விண்ணப்பத்தைப் படியுங்கள், செலவுக் கணக்கைப் பாருங்கள், தூங்குங்கள். இரண்டு வாரம் இருந்தால் வேலைக்கு அனுபவசாலியோடு ஓர் ஒத்திகையையும், இடையிடையே தனிப் பயிற்சியையும் வைத்துக்கொள்ளலாம். விசாவுக்கு இரண்டு வாரமும் பயிற்சி எடுத்தால் கெடுதல்தான். பதில்கள் தேய்ந்து ஒப்பிப்பாக மாறிவிடும்.

பதற்றத்துக்கு ஒரு குறிப்பு. அமைதியாக இரு என்று மனத்தை அதட்டுவதைவிட, இந்தப் படபடப்பை உற்சாகம் என்று சொல்லிக்கொள்வது பலன் தருகிறது என்பதை ஆய்வாளர் அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட சோதனைகள் காட்டின. மேடைப்பேச்சு, கணக்கு போன்ற செயல்களில் அப்படிச் சொல்லிக்கொண்டவர்கள் மேலாகச் செய்தார்கள். செலவில்லாத முறை, முயன்று பார்ப்பதில் நட்டமில்லை.

மறுப்பு வந்தால்

இங்கும் இரண்டு உலகங்கள். வேலை கிடைக்காவிட்டால் காரணம் கேட்டு ஒரு சிறு கடிதம் அனுப்பலாம். பல நிறுவனங்கள் பதில் தருவதில்லை. தந்தால் அது பொன். உங்களைவிடப் பொருத்தமான ஒருவர் இருந்தார் என்பதற்கு மேல் சில சமயம் எந்தக் காரணமும் இருக்காது.

அமெரிக்கத் தற்காலிக விசாவில் 214(பி) மறுப்புக்கு மேல்முறையீடு கிடையாது, கட்டணமும் திரும்பாது. மறுபடி விண்ணப்பிக்கக் காத்திருப்புக் காலம் ஏதும் விதிக்கப்படவில்லை, ஆனால் அதே நிலைமையோடு அடுத்த மாதமே போய் நின்றால் அதே முடிவுதான் வரும். வேலை, படிப்பு, பணவசதி, பயணக் காரணம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று மாறியிருக்கிறதா அல்லது முன்பு சொல்லாமல் விட்ட முக்கியமான உண்மை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் பொறுங்கள். 221(ஜி) என்று தாள் தந்தால் அது வேறு: ஆவணம் குறைகிறது அல்லது மேலும் சரிபார்க்கிறார்கள் என்று பொருள், கேட்டதைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகள் மறுக்கும்போது காரணத்தைக் குறித்த படிவம் தருவார்கள். மேல்முறையீட்டு உரிமையும் உண்டு, அதன் நடைமுறை அந்தந்த நாட்டுச் சட்டப்படி. அங்கே மேல்முறையீடா, புதிய விண்ணப்பமா என்பது குறிக்கப்பட்ட காரணத்தைப் பொறுத்தது. காப்பீடோ, தங்குமிடச் சான்றோ குறைந்திருந்தால் அதைச் சேர்த்துப் புதிதாக விண்ணப்பிப்பது விரைவான வழி. திரும்பிப் போகும் எண்ணத்தில் நியாயமான சந்தேகம் என்று குறித்திருந்து, அதை மறுக்கும் ஆவணம் ஏற்கனவே உங்கள் கோப்பில் இருந்தும் பார்க்கப்படவில்லை என்றால் மேல்முறையீட்டுக்கு இடம் இருக்கிறது. வலுவான ஆவணம் உங்களிடம் முன்பு இல்லாமல் இப்போதுதான் வந்திருக்கிறது என்றால் புதிய விண்ணப்பமே மேல், அதில் பழைய மறுப்பை மறைக்காமல் குறிப்பிட்டு.